ஆர்பிஜியில் எரர் மெசேஜ் யாருக்குப் போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரத்துக்குத் தினமும் ரயிலில் போய் வந்த காலத்தில் தொடங்கியது இது. கூட வரும் பிள்ளைகளில் நாலைந்து பேர் ஏஎஸ்/400 (ஐபிஎம்மின் வணிகக் கம்ப்யூட்டர்) வேலையில் இருந்தார்கள். இரணியல் தாண்டுவதற்குள் ஒருத்தன் ஒரு சந்தேகம் கேட்பான், குழித்துறையில் ஏறுகிறவள் அதே சந்தேகத்தை வேறு வார்த்தையில் கேட்பாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மெஷினில் வணிகக் கணக்குகள் எழுதும் மொழியான ஆர்பிஜியை வீட்டுத் திண்ணையில் சொல்லிக்கொடுக்கிறேன். ஆட்கள் மாறிவிட்டார்கள், கேள்விகள் மாறவில்லை. அவர்கள் கேட்டபடியே எழுதி வைத்திருக்கிறேன்.

மெஷினின் பெயரை ஐபிஎம் எத்தனை தடவை மாற்றினாலும் (2008 முதல் ஐபிஎம் ஐ) நம் ஊரில் அது ஏஎஸ்/400தான். நானும் அப்படியே சொல்கிறேன். பதில்கள் முழுக்க ஒரே உதாரணம்தான் வரும். வகுப்புக்காக நான் வைத்திருக்கும் ரப்பர்பால் கொள்முதல் கணக்கு அது. 'மாலைக்கணக்கு' என்ற சிஎல் (அந்த மெஷினின் கட்டளை மொழி) புரோகிராம், 'பில்' என்ற ஆர்பிஜி புரோகிராமைக் கூப்பிடும். பில்லுக்குள் 'சராசரி' என்று ஒரு சப்ரொசீஜர் (புரோகிராமுக்குள் தனியாகக் கூப்பிடும் சிறு பகுதி), அன்றைய மொத்தத் தொகையை மொத்த எடையால் வகுத்து கிலோவுக்குச் சராசரி விலை சொல்லும். பில்லுக்கு அதற்கென்று பெயர் வைத்த ஒரு ஆக்டிவேஷன் குரூப் (ஜாபுக்குள் புரோகிராம் ஓடும் தனி அறை போல) இருக்கிறது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

அண்ணே, எல்லாரும் கால் ஸ்டேக் கால் ஸ்டேக்குன்னு சொல்லுதாவ. அது என்னதாக்கும்?

யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்ற வரிசை. மாலைக்கணக்கு பில்லைக் கூப்பிட்டது, பில் சராசரியைக் கூப்பிட்டது. சராசரி வேலையை முடிக்கும் வரை மற்ற இரண்டும் காத்துக்கொண்டு நிற்கும். அந்த நிற்கிற வரிசைதான் கால் ஸ்டேக். ஓடிக்கொண்டிருக்கும் ஜாபைத் (மெஷின் ஓட்டும் ஒரு வேலை) திறந்து 11-வது ஆப்ஷனைப் போட்டால் கண்ணாலேயே பார்க்கலாம். கீழே இருப்பதுதான் இப்போது ஓடுவது, அதற்கு மேலே இருப்பது அதைக் கூப்பிட்டது.

அந்த வரிசையில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் சொந்தமாக ஒரு மெசேஜ் க்யூ இருக்கிறது, வீட்டுக்கு வீடு தபால் பெட்டி போல. கீழே வரப்போகும் கேள்விகளில் பாதிக்கு மேல், தபால் எந்தப் பெட்டியில் விழுந்தது என்பதில்தான் போய் முடியும்.

எரர் வந்தா புரோகிராம் நிக்குது, அவ்வளவுதானே? இதுல மெசேஜுக்கு என்ன வேல?

ஏஎஸ்/400-இல் எரர் என்பதே ஒரு மெசேஜ்தான். அதற்கு ஒரு ஐடி உண்டு, ஒரு வகை உண்டு, அனுப்பியவர் பெறுபவர் உண்டு. வகைகளில் நமக்கு முக்கியம் எஸ்கேப். 'என்னால் இதற்கு மேல் முடியாது' என்று சொல்லி அனுப்பும் மெசேஜ் அது. அதை யாராவது கையாண்டே ஆக வேண்டும். டயக்னாஸ்டிக் என்பது விவரம் மட்டும் சொல்லும், யாரையும் நிறுத்தாது. வழக்கமாக முதலில் ஒன்றிரண்டு டயக்னாஸ்டிக் வரும், பிறகு எஸ்கேப் வரும். எஸ்கேப்பில் 'முந்தைய மெசேஜ்களைப் பார்க்கவும்' என்கிற தொனியில் ஏதாவது இருக்கும்.

ஜாப் லாகில் (ஜாபின் மெசேஜ்கள் பதிவாகும் ஏட்டில்) கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு என்னிடம் வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். நாலு வரி மேலே போய்ப் படித்துவிட்டு வா.

யாரும் பிடிக்கலன்னா மெசேஜ் தன்னால மேல போயிருமா?

போகும். ஆனால் ஒரே ஓட்டமாகப் போகாது, இரண்டு சுற்றாகப் போகும். பலருக்கும் குழப்பம் வருவது இந்த இடத்தில்தான்.

நம் ஊர்க் கதையாகவே சொல்கிறேன். அனந்தனார் சானலில் தண்ணீர் வரவில்லை என்று கடைமடை விவசாயி சொல்கிறார். பாசன சபைத் தலைவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை, மேலே அனுப்புகிறார். பொறியாளர் ஆபீசிலும் யாரும் எடுக்கவில்லை. கடைசியில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறது. அங்கே முத்திரை குத்தி, 'இதற்குப் பதில் வேண்டும்' என்று புகார் கிளம்பிய இடத்துக்கே ஃபைலை இறக்கிவிடுகிறார்கள். ஃபைல் அதே படிகளில் மீண்டும் மேலே ஏறுகிறது. முதல் தடவை 'என் வேலை இல்லை' என்று தள்ளிவிட்டவரும் இரண்டாம் தடவை கையில் எடுக்கக்கூடும்.

ஆர்பிஜியிலும் இதேதான். சராசரியில் ஜீரோவால் வகுத்தாயிற்று. எஸ்கேப் முதலில் சராசரியின் பெட்டியில் விழுகிறது. அங்கே கையாள ஆள் இல்லையென்றால் மேலே ஏறுகிறது. இப்படி கன்ட்ரோல் பவுண்டரி வரை போகும். அதுதான் நம் கலெக்டர் ஆபீஸ். ஒரு ஆக்டிவேஷன் குரூப் முடிந்து இன்னொன்று தொடங்கும் எல்லை என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் பில்லின் வாசல்படிதான் அந்த எல்லை. அதுவரை யாரும் எடுக்கவில்லையென்றால் சிஸ்டம் சிபிஎஃப்9999 என்ற ஃபங்ஷன் செக்கை ('இந்த எரரை யாரும் கையாளவில்லை' என்ற மெசேஜ்), எரர் முதலில் விழுந்த இடத்துக்கே அனுப்பும். அது மறுபடி மேலே ஏறும். இரண்டாம் சுற்றிலும் யாரும் எடுக்காவிட்டால் அந்த ஆக்டிவேஷன் குரூப்பே முடிக்கப்படும். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாலைக்கணக்குக்கு சிஇஇ9901 என்ற புது மெசேஜ் போகும்.

ஜீரோவால வகுத்தது சராசரியில. எனக்கு ஸ்கிரீன்ல வந்தது பில்லு பேருல 0202. நான் என்ன தப்பு பண்ணினேன்?

தப்பு ஒன்றும் இல்லை. எரரின் வகைக்கு ஆர்பிஜி தரும் எண்தான் ஸ்டேட்டஸ் கோட். ஜீரோவால் வகுத்தலுக்கு அது 00102. சராசரி அதைப் பிடிக்கவில்லை. முதல் சுற்றில் பில்லின் மெயின் ப்ரொசீஜரும் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் மெசேஜ் அதன் பெயருக்கு வந்ததல்ல. இரண்டாம் சுற்றில் ஃபங்ஷன் செக் ஏறி வரும்போதுதான் பில் கையில் எடுக்கிறது. அப்போது அதற்குத் தெரிவதெல்லாம் 'நான் கூப்பிட்டது உருப்படியாகத் திரும்பி வரவில்லை' என்பது மட்டும்தான். அதுதான் 00202. திரையில் ஆர்என்க்யூ0202 என்று கேள்வியாக வருகிறது.

கலெக்டர் ஆபீஸ் பதிவேட்டில் 'பாசனப் பிரச்சினை' என்று ஒற்றை வரி மட்டும் இருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மடை, எந்த வயல் என்பது அடியில் கிடக்கிற காகிதத்தில் இருக்கும். ஜாப் லாகில் மேலே போனால் வகுத்தல் எரர் அங்கே இருக்கும்.

சி, ஜி, டி, எஃப்னு கேக்குதே, எத அமுக்கணும்?

லைவ் என்றால் டி. டம்ப் (வேரியபிள்களின் மதிப்புகளைக் காட்டும் அச்சு) எடுத்துவிட்டு முடிக்கும், பிறகு படித்துப் பார்க்கலாம். எஃப் கூடுதல் விவரத்தோடு எடுக்கும். சி வெறுமனே முடிக்கும். ஜி மட்டும் வேண்டாம். சைக்கிளில் (ரெக்கார்டு ரெக்கார்டாக ஆர்பிஜி தானாகச் சுற்றும் வட்டம்) அடுத்த ரெக்கார்டைப் படிக்கும் இடத்துக்குப் போய்த் தொடர்ந்து ஓடும், அரைகுறைக் கணக்கின் மேல் அடுத்த கணக்கு ஏறும்.

ராத்திரி பேட்ச்ல இந்தக் கேள்வி வந்தா யாரு பதில் சொல்லுவா?

யாரும் சொல்ல மாட்டார்கள். பேட்ச் என்பதே திரை முன் ஆள் இல்லாமல் ஓடுவதுதான். கேள்வி சிஸ்டம் ஆபரேட்டரின் க்யூவுக்குப் போய்விட்டு, ஜாப் மெசேஜ் வெயிட்டில் விடியும் வரை நிற்கும். பிடித்து வைத்திருக்கும் ரெக்கார்டு லாக்கும் (மற்றவர் அந்த ரெக்கார்டைத் தொடாதபடி போட்ட பூட்டு) சேர்ந்து நிற்கும். காலையில் வருகிறவர்கள் 'சிஸ்டம் ஹேங்' என்பார்கள்.

ஜாபின் இன்க்வைரி மெசேஜ் ரிப்ளை அமைப்பை டிஃபால்ட் என்றோ சிஸ்டம் ரிப்ளை லிஸ்ட் என்றோ வைத்தால் கேள்விக்குத் தானாகப் பதில் போகும். வசதிதான். ஆனால் என்னைக் கேட்டால் கேள்வியே எழாதபடி எழுதுவதுதான் நல்லது. பேட்ச் புரோகிராம் மனிதனிடம் கேள்வி கேட்கக் கூடாது, கூப்பிட்டவரிடம் எஸ்கேப்பாகச் சொல்ல வேண்டும்.

மானிட்டர் போட்டாச்சு. இனி ஒண்ணும் தப்பாதுல்லா?

தப்பும். மானிட்டர் என்பது எரரைப் பிடிக்கும் கட்டு: மானிட்டருக்குக் கீழ் வேலை, ஆன்-எரருக்குக் கீழ் எரர் வந்தால் செய்வது, எண்ட்மானில் முடிவு. இந்த மூன்றுக்கும் நடுவில் நடப்பதெல்லாம் பிடிபடும் என்று நினைத்துத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

மானிட்டருக்குள் எக்ஸ்-எஸ்ஆர் போட்டு சப்ரூட்டீனைக் கூப்பிட்டால் அதற்குள் வரும் எரர் உங்கள் மானிட்டருக்கு வரும், அந்த சப்ரூட்டீனுக்குள் வேறு மானிட்டர் இல்லாத பட்சத்தில். சப்ரொசீஜரைக் கூப்பிட்டால் கதை வேறு. அதற்குச் சொந்தக் கையாளல் இருந்தால் அதற்குத்தான் முதல் உரிமை. அது கைவிட்டால்தான் உங்களுக்கு வரும், அதுவும் முன்பு பார்த்த 00202 ஆக. ஆகவே ஆன்-எரரில் 00102 என்று எழுதிவிட்டு, வகுத்தலை சப்ரொசீஜருக்குள் வைத்தால் அந்த வரி ஒருநாளும் ஓடாது. வாரத்துக்கு ஒருவராவது இதில் விழுகிறார்கள்.

இன்னும் இரண்டு ஓட்டை உண்டு. ஒரு ஆப்பரேஷனில் ஈ எக்ஸ்டெண்டர் (ஆப்பரேஷன் பெயரை ஒட்டி அடைப்புக்குறிக்குள் போடும் எழுத்து) போட்டிருந்தால் மானிட்டர் ஒதுங்கிக்கொள்ளும். 'நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள், அப்புறம் எரர் வந்ததா என்று சொல்லும் பெர்சென்ட்-எரரைப் பார்க்காமல் விட்டால் அது உங்கள் பாடு. இரண்டாவது, டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல். ஆர்பிஜிக்குள் பதித்த எஸ்க்யூஎல் வாக்கியம் தோற்றால் எஸ்கேப் கிளப்பாது, எஸ்க்யூஎல்கோட் என்ற வேரியபிளில் ஒரு எதிர்ம எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஒரே கீயில் இரண்டாம் ரெக்கார்டு என்றால் மைனஸ் 803. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் பார்க்க வேண்டியது நீங்கள்தான். சுற்றிலும் பத்து மானிட்டர் போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

ஆன்-எரர்ல ஸ்டார்-ஆல் போட்டு உள்ள ஒண்ணும் எழுதாம விட்டா என்னண்ணே குத்தம்? புரோகிராம் நிக்காதுல்லா?

நிற்காது. குற்றமே அதுதான்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், தினமும் இரவில் ஓடும் ஒரு போஸ்டிங் புரோகிராமில் ஒருத்தர் இப்படிச் செய்து வைத்திருந்தார். அந்த 'ஒருத்தர்' யார் என்று துருவ வேண்டாம், அப்போது எனக்கு மூன்று வருட அனுபவம். ரெக்கார்டு லாக் ஆகி இருந்தால் ஸ்டேட்டஸ் 01218 வரும், ஆன்-எரர் அதை விழுங்கும், லூப் அடுத்த ரெக்கார்டுக்குப் போகும். பேட்ச் தினமும் ஒழுங்காக முடிந்தது, எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். மாதக் கடைசியில் கணக்கு ஒத்துப்போகவில்லை. எந்தெந்த ரெக்கார்டு விடுபட்டது என்பதற்கு எங்கேயும் சுவடு இல்லை. அவற்றைக் கண்டுபிடிக்க மூன்று பேர் ஒரு வாரம் உட்கார்ந்தோம்.

ஸ்டார்-ஆல் போடுவதில் தப்பில்லை. உள்ளே காலியாக விடுவதுதான் தப்பு. குறைந்தபட்சம் ஸ்டேட்டஸ் கோடையும் ரெக்கார்டின் கீயையும் ஜாப் லாகுக்காவது எழுதுங்கள்.

அப்பம் எந்த லெவல்லதான் பிடிக்கணும்? எல்லா ப்ரொசீஜர்லயும் மானிட்டர் போடணுமா?

வேண்டாம். ஒரு லெவலில் மானிட்டர் போடுவதற்கு முன் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இங்கே பிடித்தால் இங்கே என்ன செய்ய முடியும்?

சராசரிக்கு என்ன தெரியும்? இரண்டு எண்கள் தெரியும். எந்தக் கொள்முதல் நிலையம், எந்தத் தேதி, யாருடைய பில், ஒன்றும் தெரியாது. வகுக்க முடியவில்லை என்றால் அது ஜீரோ என்று திருப்பி அனுப்பலாமா? விலை ஜீரோ என்று ஒருவருக்குப் பில் போய்விடும். எனவே சராசரி பிடிக்கவே கூடாது, மேலே விட வேண்டும். பில்லுக்கு நிலையமும் தேதியும் தெரியும். 'இந்த நிலையத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்' என்று முடிவெடுக்க அதனால் முடியும். அங்கே பிடிக்கலாம், விவரத்தோடு எழுதலாம். ஃபைலே திறக்கவில்லை என்பது போன்ற எரர் என்றால் பில்லாலும் ஒன்றும் ஆகாது. அதை மாலைக்கணக்குக்கு விட வேண்டும். அங்கேதான் 'அடுத்த வேலைகளை ஓட்டாதே' என்ற முடிவை எடுக்க முடியும்.

லாக் விஷயம் மட்டும் இதற்கு நேர் எதிர். 01218 வந்தால் ரெக்கார்டைப் படித்த அந்த இடத்திலேயே பிடித்து, கொஞ்சம் பொறுத்து இரண்டு மூன்று முறை முயற்சி செய்யலாம். கீழ் லெவலால் உண்மையிலேயே சரிசெய்யக்கூடிய எரர் அது.

பழைய புரோகிராம்ல எல்லாம் ஸ்டார்-பிஎஸ்எஸ்ஆர் இருக்கு. அத எடுத்துட்டு மானிட்டர் போடவா?

ஓடுகிறதைத் தொடாதே. பிஎஸ்எஸ்ஆர் என்பது எரர் வந்தால் ஆர்பிஜி தானாகக் கூப்பிடும் சப்ரூட்டீன். மானிட்டர் வந்தது 2001-இல் வி5ஆர்1-இல்தான். அதற்கு முன் எழுதியவர்களுக்கு பிஎஸ்எஸ்ஆர்தான் கதி. இரண்டும் இருந்தால் மானிட்டர் முந்தும், அது எடுக்காதது பிஎஸ்எஸ்ஆருக்குப் போகும்.

பிஎஸ்எஸ்ஆரைப் பற்றித் தெரிய வேண்டியவை கொஞ்சம்தான். ஃபைல் எரர் அதற்குத் தானாக வராது, ஃபைல் டிக்ளரேஷனில் இன்ஃப்-எஸ்ஆர் என்று சொல்லி அனுப்ப வேண்டும். மெயினில் உள்ள பிஎஸ்எஸ்ஆர் சப்ரொசீஜருக்குள் வரும் எரரைப் பார்க்காது, அதற்கு அதற்கென்று தனியாக வேண்டும். பிஎஸ்எஸ்ஆருக்குள்ளேயே எரர் வந்தால் திரும்பத் திரும்பத் தன்னையே கூப்பிட்டுக்கொண்டு சுற்றும். அதனால் உள்ளே நுழைந்தவுடன் 'ஏற்கனவே வந்துவிட்டேனா' என்று ஒரு இண்டிகேட்டர் பார்ப்பது பழைய ஆட்களின் பழக்கம். நல்ல பழக்கம்.

202-ன்னு மட்டும் கையில கிடைச்சா, உண்மையான மெசேஜ எப்பிடி எடுக்க?

முதல் வழி புரோகிராம் ஸ்டேட்டஸ் டேட்டா ஸ்ட்ரக்சர். எரர் விவரங்களை ஆர்பிஜி எழுதி வைக்கும் இடம் அது. அதில் 11-வது எழுத்து முதல் 15-வது வரை ஸ்டேட்டஸ் கோட். 40 முதல் 42 வரை மெசேஜ் ஐடியின் மூன்று எழுத்து, 43 முதல் 46 வரை அதன் எண். 91 முதல் 170 வரை மெசேஜின் விவரம். ஆன்-எரருக்குள் வந்தவுடன் முதல் வேலையாக இவற்றை வேறு வேரியபிளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த எரர் வந்தால் மேலே எழுதிவிடும். மேலேறி வந்த எரர் என்றால் இங்கேயும் முதல் காரணம் கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது, ஜாப் லாகையும் பாருங்கள்.

இரண்டாவது, டம்ப் ஆப்பரேஷன். அதில் ஏ எக்ஸ்டெண்டர் போட்டால் டீபக் இல்லாமல் கம்பைல் செய்த புரோகிராமிலும் டம்ப் விழும். மூன்றாவது புதியது, ஆன்-எக்ஸ்செப் என்ற பிளாக். ஐபிஎம் ஐ 7.5-இல் இருக்கிறது, 7.3-க்கும் 7.4-க்கும் பிடிஎஃப் (ஐபிஎம் தரும் திருத்தத் தொகுப்பு) வழியாக வந்தது. ஆன்-எரர் ஸ்டேட்டஸ் கோடைப் பார்க்கும், இது மெசேஜ் ஐடியையே பார்க்கும். சிபிஎஃப்9801, அதாவது ஆப்ஜெக்ட் இல்லை என்றால் இதைச் செய், வேறு எதுவானால் அதைச் செய் என்று பிரித்து எழுதலாம். ஐடி முன்கூட்டியே தெரிந்த எரர்களுக்கு இது வசதி, மற்றவற்றுக்கு மேலே சொன்ன வழிகள்தான்.

நானே ஒரு எரரக் கிளப்பி மேல அனுப்பணும். அதுக்கு என்ன செய்யணும்?

புது ரிலீஸ் என்றால் எஸ்என்டி-எம்எஸ்ஜி ஆப்பரேஷன் இருக்கிறது. இதுவும் ஆன்-எக்ஸ்செப்போடு சேர்ந்து வந்ததுதான். எஸ்கேப் என்று சொல்லி மெசேஜைக் கொடுத்தால், வேறு இடம் குறிப்பிடாத வரை அது கூப்பிட்டவருக்குப் போகும். ஒரே வரியில் முடிந்தது.

பழைய ரிலீஸ் என்றால் க்யூஎம்ஹெச்எஸ்என்டிபிஎம் என்ற ஏபிஐ (நாம் கூப்பிடுவதற்காக சிஸ்டம் தரும் புரோகிராம்). மெசேஜ் ஐடி, மெசேஜ் ஃபைல், விவரம், அதன் நீளம், வகை, கால் ஸ்டேக் இடம், கவுண்டர் (அந்த இடத்திலிருந்து எத்தனை படி மேலே), மெசேஜ் கீ, எரர் கோட் என்று ஒன்பது பாராமீட்டர். கடைசி பாராமீட்டரில் ஜீரோ பைட் என்று கொடுங்கள். அப்போதுதான் ஏபிஐ அழைப்பே தோற்றால் அதுவும் எரராகக் கிளம்பும், இல்லையென்றால் சத்தமில்லாமல் போய்விடும்.

சொந்த மெசேஜ் ஃபைல் வைத்துக்கொள்ளாதவர்கள் சிபிஎஃப்9898 பயன்படுத்துகிறார்கள். கொடுத்த வாசகத்தை அப்படியே காட்டி, கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி வைக்கும். புள்ளி வேண்டாமென்றால் சிபிஎஃப்9897. நீங்களும் ஒரு புள்ளி வைத்து அதுவும் ஒரு புள்ளி வைத்து, இரட்டைப் புள்ளியோடு வரும் மெசேஜ்களை எல்லா ஊர் லாகிலும் பார்க்கலாம்.

கவுண்டர்ல 1 போட்டேன். சிஎல்லுக்குப் போகும்னு பாத்தா போகல. எங்க போச்சு?

பில்லின் மெயின் ப்ரொசீஜரில் இருந்து அனுப்பினாயா? அப்படியானால் அது வாசல்காரரிடம் போயிருக்கிறது. ஒவ்வொரு ஐஎல்இ (நம் பில் மாதிரியான புது வகை) புரோகிராமுக்கும் கம்பைலரே ஒரு நுழைவு ப்ரொசீஜரை உருவாக்கும், பிஇபி என்பார்கள். மாலைக்கணக்கு கூப்பிடுவது அதைத்தான். அது உன் மெயினைக் கூப்பிடுகிறது. நீ எழுதாத வரி ஆனாலும் கால் ஸ்டேக்கில் அது ஒரு வரி, அதற்கும் ஒரு தபால் பெட்டி உண்டு. ஒரு படி மேலே என்றால் அதுதான். ஜாப் லாகில் அந்த மெசேஜைத் திறந்து பெறுநர் ப்ரொசீஜரைப் பார்த்தால் பிஇபி என்ற எழுத்துகள் இருக்கும்.

2 போடலாம். ஆனால் நாளை அதே வரியை ஒரு சப்ரொசீஜருக்குள் நகர்த்தினால் 3 ஆகிவிடும். கால் ஸ்டேக் இடத்தில் ஸ்டார்-பிஜிஎம்பிடிஒய் என்று கொடுத்து கவுண்டரில் 1 போட்டால், புரோகிராமின் எல்லைக்கு அடுத்த ஆள் என்று அர்த்தம். உள்ளே எத்தனை படி இருந்தாலும் கவலையில்லை.

எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று இதை ஒரு சர்வீஸ் புரோகிராமுக்குள் (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் ப்ரொசீஜர் தொகுப்பு) பொது ப்ரொசீஜராகப் போடும்போது மட்டும் மறுபடி யோசிக்க வேண்டும். அப்போது 'எல்லை' என்பது அந்த சர்வீஸ் புரோகிராமின் எல்லை. அதற்கு அடுத்த ஆள் நீயேதான். மெசேஜ் உன் தலையிலேயே வந்து விழும்.

எஸ்கேப் அனுப்பின வரிக்குக் கீழ ஃபைல க்ளோஸ் பண்ண எழுதியிருந்தேன். அது ஓடவே இல்லயே?

ஓடாது. மேலே இருப்பவருக்கு எஸ்கேப் போன அந்த நொடியில் நீ முடிக்கப்பட்டுவிட்டாய். கட்டுப்பாடு உன்னிடம் திரும்பி வராது. எல்ஆர் (புரோகிராமை முழுதாக முடிக்கச் சொல்லும் இண்டிகேட்டர்) ஆன் செய்யும் வரி கீழே இருந்தால் அதுவும் போச்சு. துடைத்து வைக்கும் வேலையை அனுப்புவதற்கு முன் செய். அதைவிட நல்லது ஆன்-எக்ஸிட். சப்ரொசீஜரின் கடைசியில் அதைப் போட்டால், ஒழுங்காக முடிந்தாலும் எரரில் முடிந்தாலும் அந்தப் பகுதி ஓடும். சைக்கிள் மெயினில் (சைக்கிளில் ஓடும் வழக்கமான மெயின்) மட்டும் போட முடியாது.

சிஎல்ல மான்மெசேஜ் சிபிஎஃப்0000 போட்டிருக்கேன். பில்லு செத்தா அதுல நேரா வந்து விழணும்லா?

மான்மெசேஜ் என்பது சிஎல்லில் எரர் மெசேஜைப் பிடிக்கும் கட்டளை. அதில் கொடுத்த பெயரைப் பார். சிபிஎஃப்0000 என்றால் சிபிஎஃப் என்று தொடங்குபவை. ஆக்டிவேஷன் குரூப் எல்லை தாண்டி மாலைக்கணக்குக்கு வருவது சிஇஇ9901 என்று முன்பே பார்த்தோம். அதை நேரடியாகப் பிடிக்க சிஇஇ9901 என்றே சேர்க்க வேண்டும். நான் பில்லைக் கூப்பிடும் வரிக்குக் கீழே அதையும், எம்சிஹெச் என்று தொடங்குபவற்றுக்காக எம்சிஹெச்0000-ஐயும் சேர்த்து எழுதுவேன்.

நீயே பில்லுக்குள் பிடித்து சிபிஎஃப்9898 ஆக அனுப்பினால் இந்தத் தலைவலி இல்லை. சிஎல்லுக்கு ஒரு ஐடி மட்டும் தெரிந்தால் போதும்.

பில்லுல மெயின் கீவேர்டு போட்டு லீனியரா மாத்தினேன். இப்பம் 0202 கேள்வியே வரமாட்டேங்குது. எரர் சரியாயிட்டா?

சரியாகவில்லை, இடம் மாறியிருக்கிறது. கேள்வி கேட்பது சைக்கிள் மெயினின் பழக்கம். சைக்கிள் இல்லாத லீனியர் மெயின், சப்ரொசீஜர் மாதிரி நடந்துகொள்ளும், யாரையும் கேட்காமல் மேலே விட்டுவிடும். இனி முதல் ஆளாகத் தெரிந்துகொள்வது மாலைக்கணக்குதான். பேட்ச் வேலைக்கு இதுதான் நல்லது, ஆனால் முந்தைய கேள்வியில் சொன்னபடி சிஎல்லைச் சரிசெய்துவிட்டு மாற்று. தலைகீழாகச் செய்தால் ராத்திரி பதினொன்றரைக்கு ஃபோன் வரும்.

பிடிச்ச எரர அப்பிடியே மேல விடணும், ஆனா எந்த நிலையம்னும் சேத்துச் சொல்லணும். முடியுமா?

முடியும், அதற்குத்தான் டயக்னாஸ்டிக் இருக்கிறது. ஆன்-எரருக்குள் முதலில் மூல மெசேஜ் ஐடியையும் விவரத்தையும் டயக்னாஸ்டிக்காக மேலே அனுப்பு. அடுத்து 'இன்ன நிலையம், இன்ன தேதி, சராசரி விலை கணக்கிட முடியவில்லை' என்று எஸ்கேப். இரண்டும் ஒரே பெட்டிக்குப் போக வேண்டும் என்பதில் மட்டும் கவனம். டயக்னாஸ்டிக் ஒரு பெட்டியிலும் எஸ்கேப் இன்னொன்றிலும் விழுந்தால் படிக்கிறவனுக்குத் தொடர்பு தெரியாது.

கொஞ்சமும் மாற்றாமல் அதே எஸ்கேப்பைத் திருப்பி விட க்யூஎம்ஹெச்ஆர்எஸ்என்இஎம் என்ற ஏபிஐ இருக்கிறது. பொதுக் கருவிகள் எழுதுகிறவர்களுக்கு உதவும். நம் பில்லுக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

எல்லாம் சரிண்ணே. ஆனா மொத்த எடை எப்பிடி ஜீரோ ஆகும்? ஒரு நாளு கூட பால் வராம இருக்குமா?

குலசேகரத்துக்காரி ஒருத்தி கேட்டது இது, கேட்டுவிட்டு அவளே சிரித்துவிட்டாள். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையென்றால் எடை ஜீரோ. ஜூனில் பாதி நாள் அப்படித்தான். அது எரரே இல்லை. வகுப்பதற்கு முன் எடை ஜீரோவா என்று பில்லில் ஓர் இஃப் போட்டு, 'இன்று கொள்முதல் இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த நிலையத்துக்குப் போக வேண்டியதுதான்.